முகம் அவருடையது, குரல் வேறொருவருடையது: 'கோல்டுஃபிங்கர்' வில்லன் கெர்ட் ஃப்ரோபே யார்?

ஜேம்ஸ் பாண்ட் படங்களில் மறக்க முடியாத காட்சி எது என்று கேட்டால், பலரும் சொல்வது அந்த லேசர் காட்சியைத்தான். மேஜை மீது கை, கால் கட்டப்பட்டுக் கிடக்கிறார் ஷான் கானரி. லேசர் கதிர் மேஜையை அறுத்துக்கொண்டே அவரை நோக்கி மெதுவாக வருகிறது. பேச்சுக் கொடுத்துத் தப்பிக்கப் பார்க்கிறார் பாண்ட். பக்கத்தில் நிற்கும் பருமனான வில்லன் கொஞ்சமும் பதற்றம் இல்லாமல் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்கிறார்.

1964-ல் வெளியான 'கோல்டுஃபிங்கர்' படத்தின் அந்த வில்லன், ஜெர்மன் நடிகர் கெர்ட் ஃப்ரோபே. அந்தச் சிரிப்பு, அந்த நடை, அந்தக் கண்கள் எல்லாம் அவருடையவை. ஆனால் அந்தக் குரல் அவருடையது இல்லை! உலகமே கேட்ட அந்த வசனத்தைப் பேசியவர் வேறொருவர்.

இதில் ஆச்சரியம் என்னன்னா, ஃப்ரோபே தன் நாட்டில் குரலுக்காகவே கொண்டாடப்பட்டவர். மேடையில் தனி ஆளாக நின்று கவிதை வாசித்தே அரங்கத்தைச் சிரிக்க வைத்தவர். அப்படிப்பட்டவரின் குரலை ஏன் எடுத்தார்கள்? அடுத்த வருடமே அவர் படங்களுக்கு ஒரு நாடு ஏன் தடை போட்டது? அந்தத் தடை எப்படி நீங்கியது? விரிவாகப் பார்ப்போம்.

வயலினில் தொடங்கிய வாழ்க்கை

ஃப்ரோபே பிறந்தது 1913 பிப்ரவரி 25. ஊர், ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள ஓபர்பிளானிட்ஸ். இன்று அது ஸ்விக்காவ் நகரத்தின் ஒரு பகுதி. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் பிறந்த அதே ஸ்விக்காவ்தான். ஃப்ரோபேவுக்கும் முதலில் கைகொடுத்தது இசைதான். சின்ன வயதிலேயே வயலின் வாசித்தார். தலைமுடி செக்கச்செவேல் என்று இருந்ததால், சிவப்பு முடி வயலின்காரன் என்றே உள்ளூரில் பெயர் வாங்கினார்.

ஆனால் மனசு மேடைப் பக்கம் போனது. டிரெஸ்டன் நகர நாடக அரங்கில் திரைச்சீலையும் பின்னணியும் வரையும் ஓவியராகப் பயிற்சிக்குச் சேர்ந்தார். மேடைக்குப் பின்னால் தூரிகை பிடித்துக்கொண்டிருந்த இளைஞனுக்கு, மேடைக்கு முன்னால் வரத்தான் ஆசை. அங்கே அவருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர் எரிக் பொன்டோ. ஜெர்மன் நாடக உலகில் பெரிய பெயர். பின்னாளில் 'தி தேர்ட் மேன்' படத்தில் டாக்டர் விங்கலாக வந்தவர்.

பிறகு வுப்பர்டால், ஃபிராங்க்ஃபர்ட், வியன்னா என்று நாடக அரங்குகள் மாறின. நாஜி அரசு 1944 செப்டம்பரில் நாடக அரங்குகளை எல்லாம் மூடியபோது, வியன்னாவில் இருந்த ஃப்ரோபேவும் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். போர் முடியும் வரை சிப்பாய்.

ஆனால் இந்த வருடங்களுக்குள் இரண்டு விஷயங்கள் நடந்திருந்தன. இரண்டும் இருபது ஆண்டுகள் கழித்து ஒரே நேரத்தில் வெளியே வந்தன. அதற்கு முன், அவர் எப்படி நட்சத்திரம் ஆனார் என்று பார்த்துவிடலாம்.

ஒல்லிக்குச்சி ஹீரோ

'கோல்டுஃபிங்கர்' பார்த்தவர்களால் நம்பவே முடியாத தகவல் இது. ஃப்ரோபேவின் முதல் பெரிய படத்தில் அவர் எலும்பும் தோலுமாக இருப்பார்.

1948-ல் வெளிவந்த 'பெர்லினர் பல்லாட' படத்தில் அவருக்கு முக்கியப் பாத்திரம். இயக்கியவர் ராபர்ட் ஸ்டெம்லே. போர் முடிந்து ஊர் திரும்பும் ஒரு சாதாரண சிப்பாய், இடிந்து கிடக்கும் பெர்லினில் வேலைக்கும் சாப்பாட்டுக்கும் அலைவதுதான் கதை. அதை 2048-ம் ஆண்டில் இருந்து திரும்பிப் பார்ப்பது போல நையாண்டியாகச் சொன்னார்கள்.

அந்தப் பாத்திரத்தின் பெயர் ஓட்டோ நார்மல்ஃபெர்பிராவுகர். இந்தப் பெயரில் ஒரு விஷயம் இருக்கிறது. அன்றைய ஜெர்மனியில் எல்லாமே ரேஷன். கடும் உழைப்பாளிகள் போன்ற சிலருக்குக் கூடுதல் ஒதுக்கீடு உண்டு. கூடுதலாக எதுவும் கிடைக்காத சாமானியருக்கு அரசு வைத்த பெயர்தான் நார்மல்ஃபெர்பிராவுகர், அதாவது சாதாரண நுகர்வோர். அந்த அலுவலகச் சொல்லுக்கு முன்னால் ஓட்டோ என்ற பெயரைச் சேர்த்து ஒரு மனிதனாக ஆக்கியது இந்தப் படம். இன்றைக்கும் ஜெர்மன் மொழியில் பொதுஜனம் என்று சொல்ல இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள்.

அதே காலத்தில் மியூனிக்கின் கேபரே மேடைகளிலும் இறங்கினார் ஃப்ரோபே. அவருக்குப் பிடித்த கவிஞர் கிறிஸ்டியான் மோர்கன்ஸ்டெர்ன். அர்த்தமே இல்லாத சொற்களை வைத்து விளையாடும் கவிதைகளுக்குப் புகழ்பெற்றவர். ஒரு கவிதையில் சொற்களே கிடையாது. வெறும் கோடுகளும் வளைவுகளும்தான்! இப்படிப்பட்ட கவிதைகளை வைத்து ஒரு கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டும் என்றால் குரலும் முகமும்தான் துணை. ஃப்ரோபேவிடம் இரண்டும் இருந்தன. கடைசிக் காலம் வரை மோர்கன்ஸ்டெர்னை அவர் விடவில்லை. மேடையில் வாசித்தார், இசைத்தட்டுகளிலும் பதிவு செய்தார்.

குழந்தைகளைக் கொல்லும் ஷ்ரோட்

1950-களில் ஃப்ரோபேவின் உடம்பு பெருத்தது. வாய்ப்புகளும் பெருகின. ஆர்சன் வெல்ஸின் 'மிஸ்டர் ஆர்காடின்' படத்தில் தலைகாட்டினார். பிரெஞ்சுப் படங்களிலும் வேலை கிடைத்தது.

வாழ்க்கையை மாற்றியது 1958-ல் வந்த 'எஸ் கெஷா அம் ஹெல்லிஷ்டென் டாக்'. பட்டப்பகலில் நடந்தது என்பது இந்தத் தலைப்பின் பொருள். சுவிட்சர்லாந்து எழுத்தாளர் ஃபிரெட்ரிக் டூரன்மாட் கதை எழுத, லடிஸ்லாவோ வாய்டா இயக்கினார். சிறுமிகளைக் குறிவைக்கும் கொலைகாரனைப் பிடிக்க ஒரு காவல் அதிகாரி பெட்ரோல் பங்க் நடத்திக்கொண்டு காத்திருக்கிறார். அதிகாரியாக வந்தவர் ஜெர்மனியின் செல்ல நட்சத்திரம் ஹைன்ஸ் ரூமன். கொலைகாரன் ஷ்ரோட் வேடத்தில் ஃப்ரோபே.

வீட்டில் மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டு அடங்கிக் கிடக்கும் பெரிய உருவம். காட்டில் ஒரு சிறுமி முன்னால் பொம்மலாட்டம் காட்டிக் குழைகிற அதே உருவம். கத்தல் இல்லை, முறைப்பு இல்லை. அதனால்தான் பயம் அதிகம். டூரன்மாட்டுக்குப் படத்தின் முடிவில் திருப்தி இல்லை. அதே கதையை வேறு முடிவோடு நாவலாக எழுதினார். அந்த நாவல்தான் 2001-ல் ஜாக் நிக்கல்சன் நடித்த 'தி பிளெட்ஜ்' ஆனது.

தொடர்ந்து ஃப்ரிட்ஸ் லாங்கின் கடைசிப் படமான 'டாக்டர் மாபூசின் ஆயிரம் கண்கள்' (1960) படத்தில் காவல் அதிகாரி. 'தி லாங்கஸ்ட் டே' (1962) படத்தில் குதிரை மேல் காபி சுமந்து போகும் ஜெர்மன் சார்ஜெண்ட். 'மூன்று காசு ஓபரா'வின் 1963 திரை வடிவத்தில் பிச்சைக்காரர்களின் தலைவன் பீச்சம். இதற்கிடையே ஷ்ரோட் வேடம் பாண்ட் பட தயாரிப்பாளர்கள் கண்ணில் பட்டது. லண்டனில் இருந்து அழைப்பு வந்தது.

குரலை ஏன் மாற்றினார்கள்?

பிரச்சினை முதல் நாளே தெரிந்துவிட்டது. ஃப்ரோபேவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வசனத்தின் ஒலியை மனப்பாடம் செய்து ஒப்பித்தார். அதிலும் ஜெர்மன் வாடை பலமாக அடித்தது. வேகமும் வரவில்லை. இயக்குநர் கை ஹாமில்டன் ஒரு வழி கண்டுபிடித்தார். உச்சரிப்பு பற்றிக் கவலைப்படாமல் வேகமாகப் பேசச் சொன்னார். வாய் சரியான வேகத்தில் அசைந்துவிட்டால், குரலைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் இல்லையா?

வசனம் பேச அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் நிக்கி வான் டெர் ஜில். இவர் கதை தனி. பாண்ட் படங்களின் ரகசியக் குரல் இவர்தான். 'டாக்டர் நோ'வில் உர்சுலா ஆண்ட்ரெஸுக்கும், 'கோல்டுஃபிங்கர்' படத்தில் உடல் முழுக்கத் தங்கம் பூசப்பட்டு இறந்துகிடக்கும் ஷெர்லி ஈட்டனுக்கும் குரல் கொடுத்தவர். பிறந்தது பெர்லினில். அப்பா யூத மதகுரு. நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்த குடும்பம்.

படப்பிடிப்பு முடிந்ததும் மைக்கேல் காலின்ஸ் என்ற ஆங்கில நடிகர் ஃப்ரோபேவின் உதட்டசைவுக்கு ஏற்ப எல்லா வசனத்தையும் பேசினார். டைட்டிலில் அவர் பெயர் கிடையாது. குரல் மாறியது படம் பார்த்த பலருக்கும் தெரியவே இல்லை. அந்த அளவுக்குப் பொருத்தம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாண்ட் படம் ஒன்றுக்கு ஆஸ்கர் கிடைத்தது அதுதான் முதல் முறை. எந்தப் பிரிவு தெரியுமா? ஒலி விளைவுகள்!

ஜெர்மனியில் மட்டும் ஒரிஜினல் குரல்

1965 ஜனவரியில் ஜெர்மன் தியேட்டர்களில் படம் வந்தபோது கதை தலைகீழ். அங்கே வில்லனுக்கு ஃப்ரோபேவே டப்பிங் பேசினார். ஷான் கானரிதான் இரவல் குரலில் பேசினார்.

ஜெர்மனியில் வெளிநாட்டுப் படங்களை சப்டைட்டிலோடு பார்ப்பது குறைவு. டப்பிங்தான் வழக்கம். ஒரு ஹாலிவுட் நடிகருக்கு ஒரு ஜெர்மன் குரல் என்று கிட்டத்தட்ட நிரந்தரமாக ஒட்டிவிடும். கானரியின் குரலாக ஜெர்மானியர்கள் பழகியது கெர்ட் கியூந்தர் ஹோஃப்மன் என்ற நடிகரின் குரலை. பால் நியூமனுக்கும், 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க்குக்கும்கூட அவர்தான் பேசினார்.

வேலை எப்படி நடக்கும்? படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். திரையில் வாய் திறக்கும்போது இவரும் திறக்க வேண்டும், மூடும்போது மூட வேண்டும். ப, ம போன்ற ஒலிகளுக்கு உதடு ஒட்டும் என்பதால், அந்த இடத்தில் அதே மாதிரி ஒலி உள்ள ஜெர்மன் சொல்லைத் தேடிப் போடுவார் வசனம் எழுதுபவர். ஃப்ரோபேவின் நிலைமை இன்னும் சிக்கல். தனக்கு வராத ஆங்கிலத்தில் தானே அசைத்த உதட்டுக்கு, தன் தாய்மொழியைப் பொருத்த வேண்டியிருந்தது.

டப்பிங் என்பது அங்கே வெறும் மொழிமாற்றமாக மட்டும் இருந்ததில்லை. 1952-ல் ஜெர்மனியில் வெளியான 'காசாபிளாங்கா'வில் நாஜிகளே கிடையாது. மேஜர் ஸ்ட்ராஸராக கோன்ராட் ஃபைட் வரும் காட்சிகளை வெட்டிவிட்டார்கள். நாஜி எதிர்ப்புப் போராளி விக்டர் லாஸ்லோ, நார்வே நாட்டு அணு விஞ்ஞானி ஆகிவிட்டார். ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' படத்தில் வரும் நாஜிகள் ஜெர்மன் டப்பிங்கில் போதைப்பொருள் கடத்தல்காரர்கள் ஆனார்கள். போர் முடிந்து சில வருடங்களே ஆன தேசம், கேட்க விரும்பாததைத் திரையில் இருந்து எடுத்துவிட்டது.

ஃப்ரோபே விஷயத்தில் அப்படி எடுக்க முடியவில்லை.

இஸ்ரேல் போட்ட தடை

'கோல்டுஃபிங்கர்' ஃப்ரோபேவை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பேட்டிகள் குவிந்தன. 1965-ல் பிரிட்டனின் 'டெய்லி மெயில்' பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் அவருடைய பழைய வாழ்க்கை வெளியே வந்தது. அவர் நாஜி கட்சி உறுப்பினராக இருந்தவர்!

தகவல் உண்மைதான். 1929-ல், 16 வயதில் கட்சியில் சேர்ந்திருக்கிறார். 1937-ல் விலகியிருக்கிறார். ஆனால் பேட்டியில் அவர் சொன்னதாக அச்சான வார்த்தைகள், நாஜியாக இருந்ததை அவர் சாதாரணமாக எடுத்துக்கொள்வது போல இருந்தன. தான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்றார் ஃப்ரோபே. அதற்குள் இஸ்ரேல் அவருடைய படங்களுக்குத் தடை விதித்தது. யூதப் படுகொலையில் உறவுகளை இழந்தவர்கள் வாழும் நாடு அது. அங்கே எழுந்த கோபம் புரிந்துகொள்ளக் கூடியதே.

இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத திருப்பம். வியன்னாவில் உள்ள இஸ்ரேல் தூதரகத்துக்கு ஒருவர் போனார். தானும் தன் தாயும் யூதர்கள் என்றும், நாஜி ஆட்சியில் தங்களை மறைத்துவைத்துக் காப்பாற்றியவர் ஃப்ரோபேதான் என்றும் தெரிவித்தார். யூதர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது தெரிந்தால் கொடுத்தவர் தலைக்கும் ஆபத்து என்ற காலம் அது. அந்தச் சாட்சியத்துக்குப் பிறகு தடை நீக்கப்பட்டது.

சரி, அப்படியென்றால் ஃப்ரோபே ஹீரோவா? இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது கஷ்டம். அவர் கட்சியில் சேர்ந்த 1929-ல் ஹிட்லர் ஆட்சிக்கே வரவில்லை. அதற்கு இன்னும் நான்கு வருடங்கள் இருந்தன. சேர்ந்தே ஆக வேண்டும் என்ற அரசு நெருக்கடி அப்போது இல்லை. அவர் விலகியபோது ஆட்சிக்கு நான்கு வயது. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள் 1935-லேயே வந்துவிட்டன. எட்டு வருட உறுப்பினர் என்பதைச் சின்ன வயசுக் கோளாறு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

அதே சமயம், லட்சக்கணக்கானவர்கள் கண்ணை மூடிக்கொண்ட நேரத்தில் இரண்டு உயிர்களுக்காக ரிஸ்க் எடுத்தவரும் அவர்தான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க முடியாது. தடை நீங்கியதற்குக் காரணம் அவர் கொடுத்த விளக்கம் அல்ல, பிழைத்து வந்த ஒருவர் முன்வந்து சொன்ன சாட்சியம்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வில்லன் முதல் குட்டீஸ்களின் திருடன் வரை

சர்ச்சைக்குப் பிறகும் வாய்ப்புகள் குறையவில்லை. 1965-ல் வந்த 'தோஸ் மேக்னிஃபிசென்ட் மென் இன் தேர் ஃபிளையிங் மெஷின்ஸ்' படத்தில், கையேடு இருந்தால் ஜெர்மானியன் எதையும் செய்வான் என்று நம்பி விமானம் ஓட்டும் ராணுவ அதிகாரியாக வந்து சிரிக்க வைத்தார்.

1966-ல் ரெனே கிளெமாங் இயக்கிய 'இஸ் பாரிஸ் பர்னிங்?' படத்தில் அதற்கு நேர் எதிரான வேடம். 1944-ல் பாரிஸ் நகரின் ஜெர்மன் தளபதியாக இருந்த டீட்ரிக் ஃபான் கோல்டிட்ஸ். நகரத்தைத் தரைமட்டமாக்கச் சொல்லி ஹிட்லர் உத்தரவு, அதை நிறைவேற்றாமல் இழுத்தடித்துச் சரணடையும் தளபதி. கட்சியில் இருந்து விலகிய ஒரு மனிதர், உத்தரவை மீறிய ஒரு மனிதராக நடித்தார். கோல்டிட்ஸ் உண்மையில் எவ்வளவு நல்லவர் என்பது பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் சண்டை உண்டு.

1968-ல் 'சிட்டி சிட்டி பேங் பேங்'. இதுவும் பாண்டை உருவாக்கிய இயான் ஃபிளெமிங் எழுதிய கதைதான். குழந்தைகளே இருக்கக் கூடாது என்று சட்டம் போட்ட வல்கேரியா நாட்டின் கோமாளி ஆட்சியாளர் பேரன் பாம்பர்ஸ்ட் வேடம் ஃப்ரோபேவுக்கு. ஷ்ரோட்டாகக் குழந்தைகளை நடுங்கவைத்தவர், பத்தே வருடத்தில் அவர்களைச் சிரிக்கவைத்தார்.

1974-ல் ஓட்ஃபிரீட் பிராய்ஸ்லரின் புகழ்பெற்ற சிறுவர் கதையான 'திருடன் ஹோட்சன்பிளாட்ஸ்' படமானபோது, அந்தத் திருடனும் அவர்தான். அன்றைய ஜெர்மன் குழந்தைகளில் பலருக்கு ஃப்ரோபே என்றால் கோல்டுஃபிங்கர் அல்ல, ஹோட்சன்பிளாட்ஸ்தான்.

பெரிய இயக்குநர்களும் தேடி வந்தார்கள். லூகினோ விஸ்கோன்டியின் 'லுட்விக்' (1973) படத்தில் பாதிரியார். இங்மார் பெர்க்மனின் 'தி சர்பென்ட்ஸ் எக்' (1977) படத்தில் இன்ஸ்பெக்டர். அந்தப் படத்தின் கதை நடப்பது 1923 பெர்லினில். ஹிட்லரின் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்த அதே நவம்பரில்.

கடைசிக் காலம்

1980-களில் புற்றுநோய் தாக்கியது. சிகிச்சை எடுத்துக்கொண்டே மேடைக்கும் போய்வந்தார். 1988 செப்டம்பர் 5 அன்று மியூனிக்கில் மாரடைப்பால் இறந்தார். வயது 75. மியூனிக்குக்குத் தெற்கே உள்ள இக்கிங் என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

2003-ல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் சினிமாவின் தலைசிறந்த வில்லன்கள் 50 பேரைப் பட்டியலிட்டபோது, ஆரிக் கோல்டுஃபிங்கருக்கு 49-வது இடம் கிடைத்தது. பட்டியலில் பாத்திரத்தின் பெயரோடு ஃப்ரோபேவின் பெயர் இருந்தது. மைக்கேல் காலின்ஸ் பெயர் வழக்கம் போல இல்லை.

அடுத்த முறை 'கோல்டுஃபிங்கர்' பார்க்கும்போது, லேசர் காட்சியில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் பாருங்கள். அப்போது திரையில் தெரிவது முழுக்க ஃப்ரோபே மட்டும்தான். ஜெர்மன் ஆடியோ இருக்கும் டிவிடி கிடைத்தால் இன்னும் நல்லது. மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த முகத்துக்குச் சொந்தமான குரலையும் ஒருமுறை கேட்டுவிடலாம்.